அருள்தாஸ் இழுத்த பிரேக்

ஆரணியில் பவர்லூம் வைத்திருக்கும் யாரிடமாவது 'போர்டு கிருபா வீடு எது' என்று கேளுங்கள். காட்டுவார்கள். நேரே போய் அவனிடமே இதைக் கேட்கலாம். ஆனால் அவன் சொல்ல மாட்டான். தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவான். திரும்பி வர நேரமாகும். கட்டிவிட்ட கதையாக இருந்தால் அவனே நாலு பேரைக் கூட்டிவைத்துச் சொல்லியிருப்பான். இது நடந்தது. பகலில் நடந்தது. அதனால்தான் அவனால் இன்றுவரை அதைக் கனவு என்று தள்ளிவிட முடியவில்லை.

கிருபாகரனுக்கு நாற்பத்தோரு வயது. பட்டுச் சேலையில் டிசைன் ஏற்றும் எலெக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டிக்குள் ஒரு பச்சை போர்டு இருக்கும். அது பழுதானால் தறி நின்றுவிடும். அதைச் சரிசெய்வதுதான் அவன் தொழில். சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் அவன் பையை விட்டு இறங்கியதே இல்லை. மனைவி பிரிஸில்லா பள்ளிக்கூட டீச்சர். ஒரே மகள் வேலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

அவன் அப்பா அருள்தாஸ் ரயில் ஓட்டியவர். காட்பாடிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே டீசல் வண்டி ஓட்டித்தான் ரிடையர் ஆனார். ஆரணி ஊருக்குள் ரயில் வராது. ஆரணி ரோடு ஸ்டேஷன் களம்பூரில் இருக்கிறது. அதனால் அவர் ஓட்டிய வண்டியை வீட்டில் யாரும் அதிகம் பார்த்ததில்லை. வேலையைப் பற்றி அவரும் வீட்டில் பேசியதில்லை. போன வருஷம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கையும் இரண்டு கண்களும்தான் மிச்சம்.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள பச்சையம்மாள் வந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். களம்பூரைத் தாண்டி ஒரு சின்ன கிராமம். புருஷன் இல்லை. அருள்தாஸைப் புரட்டிப் படுக்கவைப்பாள், துடைத்துவிடுவாள், கஞ்சி ஊட்டுவாள். ஊட்டும்போது ஊர்க்கதை முழுவதும் சொல்லுவாள். அவர் பதில் பேச மாட்டார் என்பது அவளுக்கு ஒரு குறையாகவே படவில்லை. ஐயா மாதிரி கதை கேட்க ஆள் கெடைக்காது என்று சிரிப்பாள்.

அப்பா நாள் முழுவதும் ஃபேனையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணுக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். டிவி வைத்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் கிருபாகரனுக்கு அந்த எண்ணம் வந்தது.

பெங்களூரில் ஒருவர் பழைய பொம்மை ரயில் செட் விற்பதாக இன்டர்நெட்டில் பார்த்து வாங்கினான். பொம்மை என்று சொல்லக்கூடாது. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு நீல டீசல் என்ஜின், ஐந்து பெட்டிகள், ஒரு கட்டு தண்டவாளம். எல்லாம் அச்சு அசலாக இருந்தன. ஹாலில் அப்பாவின் கட்டிலை ஒட்டி எட்டடிக்கு நாலடி பிளைவுட் மேசை ஒன்று அடித்தான். படுத்தபடியே பார்ப்பதற்காக மேசையின் உயரத்தைக் கட்டிலின் உயரத்துக்கே வைத்தான். தெர்மாகோலைச் செதுக்கி ஜவ்வாது மலை செய்தான். சாயம் போட்ட பச்சைப் பட்டுநூல் கழிவைப் பொடியாக நறுக்கிப் புல்லாக ஒட்டினான். ஈர்க்குச்சியில் பனைமரங்கள். 'ஆரணி ரோடு' என்ற மஞ்சள் பலகையை பிரிஸில்லா எழுதிக் கொடுத்தாள்.

வயரிங்தான் அவனுக்குப் பிடித்த பகுதி. மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு வேலை செய்தான். தண்டவாளத்தை நாலு பகுதியாகப் பிரித்தான். இரண்டு பகுதிகள் சேரும் இடத்தில் கரண்ட் தாண்டாதபடி பிளாஸ்டிக் துண்டு வைத்தான். ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஸ்விட்ச், தனியாக ஒரு சிவப்பு ஒயர், ஒரு கறுப்பு ஒயர். ஒரு ஸ்விட்சை அணைத்தால் அந்தப் பகுதிக்குள் நுழையும் வண்டி அங்கேயே நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் பன்னிரண்டு வோல்ட் கன்ட்ரோலர் ஒன்று. திருகினால் வேகம் கூடும், குறையும்.

முதல் நாள் வண்டி ஓடியபோது அப்பா அழுதார். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. இடது கை விரல்கள் மெத்தையில் தாளம் போட்டன. வண்டி மலையைச் சுற்றி ஸ்டேஷனைத் தாண்டி வளைவில் திரும்பி மறுபடி வந்தது. டக டக... டக டக... பிரிஸில்லா கை தட்டினாள்.

பச்சையம்மாள் குனிந்து குனிந்து பார்த்தாள்.

"தம்பி, நான் தெனமும் தாண்டிகினு வர்ற எடம் இதுல எங்க கீது?"

அவள் கிராமத்துக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவில்தான் தண்டவாளம் போகிறது. கிருபாகரன் வளைவைக் காட்டினான். இரண்டு பனைமரங்கள், நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை. அந்த இடமேதான் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

அப்பாவின் விரல்கள் நின்றன. கண்கள் வளைவுக்குப் போயின. பிறகு பச்சையம்மாளிடம் போயின. அதை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு வாரம் நன்றாகப் போனது. அதன் பிறகு ஒரு பகலில் வண்டி தானாக நின்றது.

வளைவில். பனைமரங்களுக்குச் சற்று முன்னால்.

கிருபாகரன் மீட்டரை வைத்துப் பார்த்தான். கரண்ட் முழுசாக இருந்தது. என்ஜினைத் தொட்டுத் தள்ளினான். ஓடியது. அடுத்த சுற்றில் அதே இடத்தில் நின்றது. தண்டவாளத்தைத் துடைத்தான். அடியில் படுத்து ஒயரை மாற்றி சால்டர் அடித்தான். மறுபடியும் அதே இடம். சாயங்காலம் ஓட்டிப் பார்த்தான். ஒரு சிக்கலும் இல்லை. முப்பது சுற்று நிற்காமல் ஓடியது.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பகலில் தெரு முழுக்கத் தறி ஓடுகிறது, வோல்டேஜ் குறைகிறது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டான். ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினான்.

மறுநாள் பகலிலும் வண்டி நின்றது.

இந்தத் தடவை அவன் அப்பாவைப் பார்த்தான்.

அப்பாவின் இடது கை கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தது. அதைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. விட்டு விட்டு அல்ல. ஒரே இழுப்பாக, பலம் முழுவதையும் கொடுத்து. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. கட்டிலே லேசாக நடுங்கியது. அவர் கண்கள் வளைவைப் பார்த்தன. அப்புறம் பச்சையம்மாளை. மறுபடி வளைவை. மறுபடி பச்சையம்மாளை.

அவள் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். ஐயாவுக்கு வண்டி பிடிக்கவில்லை போல, நிறுத்திடு தம்பி என்றாள்.

அப்போதுதான் வாசனை வந்தது.

இரும்பு தேய்ந்து கருகும் வாசனை. ரயில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும், வண்டி வேகமாக வந்து பிரேக் போட்டால் ஜன்னல் வழியாக வருமே... அது. கிருபாகரன் ஒயர் எரிகிறதோ என்று மேசைக்கு அடியில் பாய்ந்தான். எல்லாம் குளிர்ந்திருந்தன. மேலே வந்து என்ஜினைக் கையில் எடுத்தான். உடனே கீழே போட்டுவிட்டான்.

சக்கரங்கள் கொதித்தன.

அன்று சாயங்காலம் பிரிஸில்லாவிடம் சொன்னான். ரயில் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு தடவையாவது தண்டவாளத்தில் ஆள் அடிபட்டுப்போவது உண்டு, பிரேக் போட்டாலும் வண்டி நிற்காது, பார்த்துக்கொண்டே மேலே ஏற்ற வேண்டியதுதான் என்று தன் கூட வேலை செய்யும் ஒரு டீச்சரின் கணவர் சொல்லியிருக்கிறார் என்றாள். மாமாவுக்கும் அப்படி ஒன்று நடந்திருக்கும். பச்சையம்மாள் மாதிரி ஒரு பெண். அந்த வளைவு அதை ஞாபகப்படுத்துகிறது என்றாள்.

அப்பாவைச் சந்தோஷப்படுத்தத்தான் கிருபாகரன் இதைச் செய்தான். அவருடைய பழைய பயத்தைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டான் என்று ஆகிவிட்டது. அன்றே பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டான். மேசையின் மேல் ஒரு போர்வையை விரித்து மூடினான்.

நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தார்கள். இல்லை. அப்பா சாப்பிட மறுத்தார். போர்வையையே பார்த்தார். "ம்ம்... ம்ம்ம்..." என்று தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம். பச்சையம்மாள் பக்கத்தில் வந்தால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொள்வார். விடமாட்டார். சாயங்காலம் அவள் கிளம்பும்போது விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

"இன்னா சொல்ல வரீங்கப்பா?" என்று கிருபாகரன் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டான். "பழசு எதாவதா? ஆமான்னா கண்ண ஒரு தடவ மூடுங்க."

அப்பா கண்ணை மூடவில்லை. அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டார். கண்ணீர் வழிந்தபோதும் மூடவில்லை. அவன் அதற்கு என்ன அர்த்தம் என்று புரியாமல் தலையைத் தடவிக் கொடுத்தான்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை.

மின்வாரியம் மாதம் ஒரு சனிக்கிழமை பராமரிப்புக்காக கரண்டை நிறுத்தும். அன்று காலை ஒன்பது மணிக்கே போய்விட்டது. ஆரணியில் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்தத் தெருக்களில் பகலெல்லாம் தறிச் சத்தம் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றால் உடனே தெரியும். காது அடைத்த மாதிரி ஒரு அமைதி. பிரிஸில்லா ஸ்பெஷல் கிளாஸ் என்று போயிருந்தாள். கிருபாகரன் வாசல் அறையில் ஒரு போர்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஹாலில் பச்சையம்மாள் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏதோ கல்யாணக் கதை.

குரல் பாதியில் நின்றது.

டக டக... டக டக...

கிருபாகரன் நிமிர்ந்தான். எங்கோ தறி ஓடுகிறது என்று நினைத்தான். கரண்ட் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

டக டக... டக டக... டக டக...

"தம்பி..." பச்சையம்மாளின் குரல். கத்தவில்லை. மெதுவாகத்தான் கூப்பிட்டாள். "தம்பி, இங்க வாயேன்."

அவன் ஹாலுக்கு ஓடினான். மேசை மேல் போர்வை அப்படியே இருந்தது. போர்வைக்கு அடியில் ஒரு மேடு நகர்ந்துகொண்டிருந்தது. மலையைச் சுற்றி. ஸ்டேஷனைத் தாண்டி.

போர்வையை இழுத்து எறிந்தான்.

நீல என்ஜின். ஐந்து பெட்டிகள். ஓடிக்கொண்டிருந்தன.

கன்ட்ரோலரின் பிளக் தரையில் கிடந்தது. அன்று அவன் போட்ட இடத்திலேயே.

நாலு ஸ்விட்சையும் தட்டினான். எல்லாம் ஏற்கனவே அணைந்துதான் இருந்தன. ஆன் செய்து மறுபடி அணைத்தான். வண்டி ஓடியது. மேசைக்கு அடியில் புகுந்து கைக்கு வந்த ஒயரையெல்லாம் பிய்த்தான். சிவப்பு, கறுப்பு, எல்லாம். தலைக்கு மேல் பிளைவுட்டில் சத்தம் போய்க்கொண்டே இருந்தது.

டக டக டக டக...

வேகம் கூடியிருந்தது.

வெளியே வந்தான். வண்டி ஸ்டேஷனைத் தாண்டியது. குறுக்கே கையை வைத்தான். உள்ளங்கை நீளப் பொம்மைதான். ஆனால் அது அவன் கையைத் தள்ளிக்கொண்டு போனது. நிறுத்த முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்தான். தோள் வரை இழுத்தது. அவன் கால் தரையில் வழுக்கியது. கை சுட்டது. தோல் கருகும் அளவுக்குச் சுட்டது. விட்டுவிட்டான்.

கட்டில் கம்பி கிறீச்சிட்டது.

அப்பா இழுத்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

வளைவுக்குப் பக்கத்தில் பச்சையம்மாள் நின்றிருந்தாள். கையில் கிண்ணம். அவளால் நகர முடியவில்லை. பிறகு கேட்டபோது, கால் இருப்பதே தெரியவில்லை தம்பி என்றாள்.

வண்டி வளைவுக்கு வந்தது.

அதே வாசனை...

நின்றது.

பனைமரங்களுக்கு முன்னால் அல்ல. இந்தத் தடவை அவற்றைத் தாண்டி. பாதையின் மேல்.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டே கால். வெளியே ஒரு சத்தமும் இல்லை. பச்சையம்மாளின் கையில் கிண்ணம் சாய்ந்திருந்தது. கஞ்சி அவள் காலில் சொட்டியது.

அப்பாவின் கண்கள் அவள் மேலேயே இருந்தன.

அன்று கிருபாகரனுக்குப் பாதி புரிந்தது. பாதிதான். அதை வாய்விட்டுச் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. எப்படிச் சொல்வது? கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, "அக்கா, தண்டவாளம் தாண்டறப்ப பாத்துத் தாண்டுங்க. வண்டி வந்தா தள்ளி நில்லுங்க. அது போன அப்பறம் போங்க" என்றான்.

முப்பது வருஷமாகத் தாண்டுகிறேன் என்று அவள் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. "சரி தம்பி" என்றாள். அன்று அவளைத் தன் பைக்கிலேயே ஏற்றிக்கொண்டுபோய் ஊருக்குள் விட்டுவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்வந்ததும் மேசையைப் பிரித்தான். தண்டவாளத்தை வெட்டி எடுத்தான். மலையை உடைத்தான். என்ஜினையும் பெட்டிகளையும் அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினான். எல்லாம் முடிந்தது என்று பிரிஸில்லா ஜெபம் செய்தாள். அப்பா அவன் பிரிப்பதைப் பார்க்கவே இல்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இடது கை மட்டும் கம்பியில் இருந்தது.

பச்சையம்மாள் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். ஐயா ஞாபகமாவே இருக்குது என்றாள். அதன் பிறகு தினமும் சாயங்காலம் கிருபாகரன்தான் அவளைப் பைக்கில் கொண்டுபோய் விட்டான். தண்டவாளத்தை அடையும் இடத்தில் பைக்கை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, அவள் தாண்டி அந்தப் பக்கம் போகும்வரை நிற்பான். எத்தனை நாள் இப்படி விடுவது என்று அவனுக்கே தெரியவில்லை. நிறுத்தவும் தைரியம் இல்லை.

பிறகு ஒரு நாள் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. பிரிஸில்லா இன்னும் வரவில்லை. அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது. பிரிஸில்லா வரும்வரை இருங்கள், அப்புறம் நான் விடுகிறேன் என்று பச்சையம்மாளிடம் கெஞ்சினான். அவள் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ விழா. சாயங்காலம் போயே ஆகவேண்டும்.

"பேஜார் படாத தம்பி. வண்டி வந்தா தள்ளி நிப்பேன். நீ சொன்னத மறக்கல."

போகும்போது ஐயாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அவர் முந்தானையைப் பிடிக்கவில்லை. கையைத் தூக்கவே அவருக்குத் தெம்பு இல்லை.

அவள் போன பிறகு கிருபாகரன் துணியை நனைத்து நனைத்து அப்பாவின் நெற்றியில் போட்டான். வெளியே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் இன்னும் வெயில் இருந்தது.

ஆறு மணிக்குச் சற்று முன்பு அப்பா கண் திறந்தார்.

இடது கை எழுந்தது.

கம்பிக்குப் போகவில்லை. காற்றில் எதையோ பிடித்தது. இழுத்தது.

உதடுகள் அசைந்தன. ஏதோ சொன்னார். சத்தமே இல்லை. மறுபடியும் அதையே சொன்னார். அதே அசைவு. கிருபாகரன் காதை அவர் வாயோடு ஒட்டி வைத்தான்.

மூச்சு மட்டும்தான் வந்தது.

"அப்பா, இன்னாப்பா? இன்னா வேணும்?"

கை இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. அவன் அதை இரண்டு கையாலும் பிடித்தான். பிடிக்கப் பிடிக்க இழுத்தது. இழுத்தது... இழுத்தது...

விழுந்தது.

வாசனை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. தறிச் சத்தம்தான் கேட்டது.

அவன் பச்சையம்மாளுக்கு போன் செய்தான். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி செய்தான். மறுபடி. கடைசியில் யாரோ ஒரு ஆண் எடுத்தான். பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம். இந்தம்மா உங்களுக்கு இன்னா வேணும் என்று அந்த ஆள் கேட்டான்.

வளைவில்தான். இரண்டு பனைமரங்களுக்கு நடுவே, பாதையின் மேல்.

பச்சையம்மாளின் அடக்கத்துக்குக் கிருபாகரனும் பிரிஸில்லாவும் போனார்கள். அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது போலத்தான் இருந்தது. காய்ச்சல் இறங்கியது. ஆனால் அதன் பிறகு அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கம்பியையும் பிடிக்கவில்லை. புதிதாக வந்த பெண் ஊட்டினால் விழுங்குவார். அவ்வளவுதான்.

இத்துடன் முடிந்திருந்தால்கூட கிருபாகரன் எப்படியாவது மனதைத் தேற்றிக்கொண்டிருப்பான்.

இரண்டு மாதம் கழித்து சந்திரமோகன் என்று ஒருவர் வந்தார். அருள்தாஸிடம் பல வருஷம் அசிஸ்டன்டாக இருந்தவர். இப்போது அவரும் சீனியர் டிரைவர். படுத்துவிட்ட செய்தி இப்போதுதான் தெரிந்ததாம். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். அப்பா அவரையும் பார்க்கவில்லை. பிறகு வாசல் அறையில் வந்து உட்கார்ந்தார்கள். கிருபாகரன் காபி கொடுத்தான். வெகுநாளாக மனதில் கிடந்ததைக் கேட்டான். அப்பா ஓட்டிய வண்டியில் அடிபட்டுப்போன பெண் யார்?

சந்திரமோகன் புரியாமல் பார்த்தார்.

"உங்கப்பா வண்டிலயா? ஒருத்தரும் இல்லயே, தம்பி. அவரு சர்வீஸ்ல ஒரு ஆளு அடிபட்டது இல்ல. ரிடையர் ஆன அன்னிக்கு மேடையில அதச் சொல்லித்தான் மாலை போட்டோம்."

அப்படியானால் அப்பா பார்த்தது நடந்து முடிந்ததை அல்ல. பழசு எதாவதா என்று கேட்டபோது கண்ணை மூடாமல் திறந்து வைத்திருந்தாரே... அதற்கு அர்த்தம் அதுதான்.

அவன் பச்சையம்மாளைப் பற்றிச் சொன்னான். எந்த இடம், எந்தத் தேதி, எந்த நேரம். சந்திரமோகன் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

அந்த வண்டியை ஓட்டியவனை அவருக்குத் தெரியும். சின்ன வயசுப் பையன். அன்றிலிருந்து லீவில் இருக்கிறான். ஆபீசில் எழுதிக் கொடுக்காத ஒன்றை இவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். எழுதினால் பைத்தியம் என்பார்கள் என்று விட்டுவிட்டானாம். வளைவு வரும் முன் வாக்கி டாக்கியில் ஒரு குரல் வந்ததாம். கார்டுடைய குரல் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டருடையதும் இல்லை. வயதானவர் குரல்.

"'தம்பி, பிரேக் புடி. வளைவுல பொம்பள நிக்குது'ன்னு ரெண்டு தடவ சொல்லிச்சாம்."

இரண்டு தடவை. ஒரே அசைவு. கிருபாகரன் தன் காதைத் தொட்டுக்கொண்டான்.

"அந்தப் பையன் பிரேக் போடலயா?"

"போட்டான். கேட்ட ஒடனே போட்டான், தம்பி. லைன்ல யாரும் இல்ல. இருந்தாலும் போட்டான்." சந்திரமோகன் குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மா தண்டவாளத்துலயே இல்லயாம். நல்லா தள்ளி, ஓரமா, வண்டி போவட்டும்னு நின்னுகினு இருந்தாங்களாம். பக்கத்துல மாடு ஓட்டிகினு வந்த ஆளு சொன்னாரு. வண்டி மெதுவாவறதப் பாத்துட்டு, 'நமக்காவ நிக்குது போல, நான் போயிடறேன்'னு சொல்லிட்டு ஏறினாங்களாம். பிரேக் புடிச்ச வண்டி ஒடனே எங்க நிக்கும்..."



கிருபாகரன் திரும்பி ஹால் கதவைப் பார்த்தான். சாத்திவிட்டுத்தான் வந்ததாக நினைத்தான். ஒரு சாண் திறந்திருந்தது. பேசியதெல்லாம் உள்ளே கேட்டிருக்கும். அந்த இடுக்கு வழியாகக் கட்டில் தெரிந்தது. இரண்டு மாதமாக யார் முகத்தையும் பார்க்காத அப்பா, தலையைத் திருப்பி, அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.